இரண்டாம் வாசல் நடைபாதை

லிப்டுக்குள் ஒட்டியிருந்த காகிதத்தில் இருந்தது தன் முதுகுதான் என்று சிவரூபிக்கு முதலில் தெரியவில்லை. பச்சைப் பூப்போட்ட சுடிதார் அணிந்த ஒரு பெண் நடைபாதையில் குனிந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு நாய், காது தொங்க, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறது. பெண்ணின் முகம் தெரியாதபடி படத்தை மங்கலாக்கியிருந்தார்கள். நாயின் முகத்தை அப்படியே விட்டிருந்தார்கள். பக்கோடாவைத் தெரியாதவர் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை.

அன்றைக்கும் அவள் அதே பச்சைச் சுடிதாரைத்தான் போட்டிருந்தாள். ஒன்பதாவது மாடியில் ஏறிய ஒரு பெண்மணி காகிதத்தைப் பார்த்தாள், சிவரூபியைப் பார்த்தாள், பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே தரைவரை வந்தாள். பக்கோடா அந்தப் பெண்மணியின் பையை முகர்ந்து வாலை ஆட்டியது. சிவரூபி கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு மூலையோடு மூலையாக நின்றாள்.

கீழே வரவேற்பு மேசையில் காவலாளி அகமது கபீர் இருந்தார். கீழக்கரைக்காரர். கட்டடம் திறந்த நாளிலிருந்து அங்கேதான் டியூட்டி. துபாயின் ஜெபல் அலிப் பக்கம் இப்படி வரிசையாக எழும்பிய குடியிருப்புகளில் தமிழ் பேசும் காவலாளி கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்று சிவரூபி நினைத்துக்கொள்வாள்.

"லிப்டுல என்னாங்கண்ணே எழுதியிருக்கு?"

கபீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்லப் பிடிக்காததைச் சொல்வதற்கு முன் அவர் அப்படித்தான் செய்வார்.

"ரெண்டாவது வார்னிங் தங்கச்சி. ரெண்டாம் வாசல் நடைபாதையில நாயி அசிங்கம் பண்றதை அள்ளாமப் போறாங்களாம். இன்னொரு தடவை நடந்தா, அந்த வீட்டு நாயி முப்பது நாளுக்குள்ள வெளியேறணும். பேரு போடல. ஆனா..." படத்தைப் பற்றிச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

"அதுல நான் அள்ளிக்கிட்டுத்தானேண்ணே இருக்கேன்?"

"எனக்குத் தெரியும்மா. படத்தைப் பாத்தா அள்ளுறியா விடுறியான்னு எவனுக்குத் தெரியும்?"

சிவரூபி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். அக்டோபர் மாதம். ஆனாலும் காலை ஆறு மணிக்கே காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. உண்மையில் அந்தப் படத்தில் அவள் அள்ளிக்கொண்டிருந்தது பக்கோடாவுடையதே இல்லை. வேறு ஏதோ பெரிய நாயுடையது. இரண்டு மாதத்துக்கு முன் முதல் எச்சரிக்கை வந்ததிலிருந்து, அந்த நடைபாதையில் எது கிடந்தாலும் அவள் அள்ளிவிடுவாள். எந்த நாய் போட்டிருந்தாலும் பழி பக்கோடாமேல்தான் வரும் என்ற பயம். அந்தப் பயமே இப்போது படமாகி லிப்டில் ஒட்டியிருக்கிறது.

அன்று பக்கோடா வேண்டுமென்றே செய்ததுபோல் கேமராவுக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தது. சிவரூபி பையைக் கையுறைபோல் மாட்டி, அள்ளி, உள்வெளியாகப் புரட்டி, இரண்டு முடிச்சுப் போட்டாள். டிஷ்யூவால் துடைத்தாள். பழைய ஜூஸ் பாட்டிலில் வினிகர் கலந்து கொண்டுவந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். பிறகு, என்ன நினைத்தாளோ, முடிச்சுப் போட்ட பையைத் தூக்கி ஒரு கணம் கேமராவுக்குக் காட்டினாள். உடனே வெட்கமாகிவிட்டது. மேலே எத்தனை பால்கனிகள் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

தண்ணீர் ஊற்றிக் கழுவ அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த நடைபாதையின் கடைசியில் பள்ளிவாசல் இருந்தது. தொழப் போகிறவர்கள் கை, கால், முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு அந்த வழியாகத்தான் நடந்து வருவார்கள். வந்த புதிதில் கபீர் ஒருமுறை சொல்லியிருந்தார்: "துளி பட்டாலும் திரும்பப் போயி கழுவி, துணி மாத்தணும்மா. வயசானவங்க பாவம்." அன்றிலிருந்து பாட்டில் இல்லாமல் அவள் கீழே இறங்கியதில்லை.

*

பக்கோடா போனால் சிவரூபியும் போக வேண்டும். இதை யாரும் அவள் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. அவள் வேலை செய்யும் வீட்டு நீலா மேடம் தன் அக்காவுடன் போனில் பேசும்போது அடுக்களை வரைக்கும் கேட்டது. "ஷ்யாம் கனடா போயாச்சு. ரெண்டு பேருக்குச் சமைக்க ஆள் எதுக்குக்கா? பக்கோடாவுக்காகத்தான் ரூபியை வச்சிருக்கேன். அவளை விட்டா அது யாருகிட்டயும் சாப்பிடாது." அப்போது சிவரூபி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வெண்டைக்காய் வழக்கத்தைவிடப் பொடியாக வந்தது.

அவளுடைய விசா அடுத்த மாதம் பதினெட்டாம் தேதியோடு முடிகிறது. மற்ற தடவைகளில் இரண்டு மாதத்துக்கு முன்பே மேடத்தின் கணவர் பத்மநாபன் சார் பாஸ்போர்ட்டை எடுத்து வரச் சொல்லி மெடிக்கலுக்கு அனுப்பிவிடுவார். இந்தத் தடவை யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கேட்கவும் அவளுக்கு வாய் வரவில்லை. மகள் ஹட்டனில் பள்ளிக் கடைசிப் படிப்பான ஏ.எல். படிக்கிறாள், பரீட்சைக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அந்த ஒரு வருஷம் மட்டும் போதும் என்று சிவரூபி தினமும் பல் விளக்கும்போது சொல்லிக்கொள்வாள்.

அவள் இலங்கையில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அம்மாவின் கை முறிந்து கட்டுப்போட்டிருந்தபோது தம்பிகளைப் பார்க்க ஒரு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அந்த மாதம் முடியவே இல்லை. பேச்சு குறைவு, கண் அதிகம். எந்தக் கதவு எப்படித் திறந்தால் என்ன கோபம் வரப்போகிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். குவைத்தில் இரண்டு வருஷம் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்தாள். அந்த இரண்டு வருஷத்தில் அவள் அதிகம் சொன்ன சொல் 'நஅம்' என்கிற அரபிச் சொல்தான். ஆமாம் என்று அர்த்தம். பிறகு துபாயில் பத்மநாபன் சார் வீடு. ஒன்பது வருஷமாகிறது. வந்தபோது அவர்கள் மகன் ஷ்யாம் தம்பிக்குப் பதினொரு வயது. அவனுக்குப் பதினாலு வயதில் பிறந்தநாள் பரிசாக இந்த நாய் வந்தது. முதல் மாதம் முழுக்க அவள் அதற்குப் பயந்து, சாப்பாட்டுத் தட்டைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டுவிட்டு ஓடிவிடுவாள். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால், அவள் செருப்பின்மேல் தலையை வைத்து அது தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குப்பிறகு அவளால் தள்ள முடியவில்லை.

வீட்டில் அசைவம் கிடையாது. "பக்கோடாவுக்கும் சேர்த்துத்தான்" என்று நீலா மேடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். மிருக டாக்டர் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு சைவத் தீனியை எழுதிக் கொடுத்தார். அதோடு வேகவைத்த கேரட், பூசணி, மத்தியானம் கொஞ்சம் தயிர்சாதம். அதனால் பக்கோடாவின் கழிவை சிவரூபி எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வாள். ஆரஞ்சு நிறத்தில் கேரட் துண்டு தெரியும். அந்தப் பகுதியில் இருந்த வேறெந்த நாயும் கேரட் தின்று வளரவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் யார் அள்ளாமல் போகிறார் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிறு அவளுக்கு லீவு. அன்று மட்டும் பத்மநாபன் சார் பக்கோடாவைக் கீழே கூட்டிப்போவார். சனிக்கிழமை மாலை பைச்சுருளில் எத்தனை பை பாக்கி என்று பார்த்துவிட்டுத்தான் அவள் கயிற்றோடு மாட்டி வைப்பாள். திங்கள் காலையில் எடுத்தால் அதே எண்ணிக்கை இருக்கும். முதலில், வேறு பை எடுத்துப் போயிருப்பார் என்று நினைத்தாள். பிறகு ஒரு ஞாயிறு சீக்கிரம் திரும்பியபோது, எதிரே மருந்துக்கடைக் கண்ணாடி வழியாகத் தன் கண்ணாலேயே பார்த்தாள். பக்கோடா முதுகை வளைத்தது. சார் போனைக் காதில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பக்கோடா முடித்தது. சார் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு நடந்துவிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. அவள் மகளுக்குக் கண்ணாடி போடவேண்டி வந்தபோது, கேட்காமலேயே நல்ல ஃபிரேம் வாங்கி அனுப்பியவர் அவர்தான். ஆனால் கப்பல் சரக்குக் கம்பெனியில் பெரிய பொறுப்பு. அவருக்குக் கீழே வேலை செய்கிற நாலு பேர் அதே கட்டடத்தில் குடியிருந்தார்கள். அவர்கள் கண்முன்னே நடுத்தெருவில் குனிந்து பையில் அள்ளுவதை நினைத்தால் அவருக்கு உடம்பு கூசியிருக்கும். அது சிவரூபிக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் கஷ்டமாக இருந்தது.

யாரிடம் சொல்வது? நீலா மேடத்திடம் சொன்னால், புருஷனைப் பற்றி வேலைக்காரி கோள் சொன்னதாகும். சாரிடமே சொல்ல, அவளுக்கு அடுத்த பிறவி வேண்டும். அதனால் அவள் தன் வழியில் ஒன்று செய்தாள். ஞாயிறுகளில் தோழி பிரஷாந்தியைப் பார்க்கப் போகும் கராமாவிலிருந்து நாலு மணி மெட்ரோவைப் பிடித்து, ஐந்தரைக்கெல்லாம் மருந்துக்கடைக்குள் வந்து நின்றுகொள்வாள். சார் போனதும் ஓடிப்போய் அள்ளிக் கழுவிவிடுவாள். அந்தி நேரத்து மக்ரிப் தொழுகைக்கு ஆட்கள் வரத் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும். இரண்டு முறை பிந்தினாள். அந்த இரண்டு முறையும்தான் எச்சரிக்கை வந்தது.

கராமாவில் பிரஷாந்தியின் அறை இருந்தது. பிரஷாந்தி யாழ்ப்பாணத்துக்காரி, ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை. குவைத் விமானத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபோது தொடங்கிய சிநேகம். சிவரூபி நாலு மணியானதும் எழுந்தால் அவளுக்குக் கோபம் வரும்.

"லீவு நாளிலையும் நாய்ப்பீ அள்ளவோ ஓடுறாய்? சோத்தை முழுசாத் திண்டிட்டாவது போவன்."

"நேரமாச்சுடி. சார் கீழ எறங்கிருவாரு."

"எறங்கட்டும். அவருக்குக் கை இல்லையோ? அவற்ற மனிசியிட்டச் சொல்லு."

"அய்யோ, என்னால ஏலாதுடி."

"வாய்தான் இல்லாமப் பிறந்தனி. மூக்காவது இல்லாமப் பிறந்திருக்கலாம், உந்த வேலைக்கு வசதியா இருந்திருக்கும்."

சிவரூபி சிரித்துவிட்டு ஓடினாள். ரயிலில் உட்கார்ந்தபிறகுதான் அது சிரிக்கிற விஷயமில்லை என்று தோன்றியது.

*

இரண்டாவது எச்சரிக்கை ஒட்டிய அன்று மாலை நீலா மேடம் அலுவலகத்திலிருந்து வந்ததும் கைப்பையைக்கூட வைக்கவில்லை.

"ரூபி, உன் போட்டோவை லிப்ட்ல ஒட்டியிருக்கா. பத்தாவது மாடி மஹதி அதை வாட்ஸப்ல எனக்கே அனுப்பி, 'உங்க பக்கோடா ஃபேமஸ் ஆயிடுச்சு'ங்கறா. எனக்கு எப்படி இருக்கும்?"

"நான் அள்ளிட்டேங்க மேடம்."

"அள்ளினா எதுக்குக் கம்ப்ளெய்ன்ட் வருது?"

சிவரூபி தரையைப் பார்த்தாள். சோபாவில் பத்மநாபன் சார் போனை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் கட்டைவிரல் ஒரு கணம் நின்றது.

"சரி விடு நீலா," என்றார், நிமிராமல். "இனிமே பார்த்துக்குவா."

அந்த வாரம் சிவரூபிக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு எப்போது வரும், எப்போது போகும் என்றே இருந்தது. சனிக்கிழமை மாலை பைச்சுருளைக் கயிற்றில் மாட்டினாள். அது போதாதென்று ஒரு பையைப் பிய்த்து, சார் நடக்கப்போகும்போது அணியும் கால்சட்டைப் பையிலேயே மடித்து வைத்தாள். சொல்ல முடியாததை அப்படியாவது சொல்லிவிடலாம் என்று.

ஞாயிறு மூன்றே முக்காலுக்கே பிரஷாந்தியின் அறையிலிருந்து கிளம்பினாள். படியிறங்கும்போது போன் அடித்தது. நீலா மேடம்.

"ரூபி, கராமாலதான இருக்க? வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வா. நல்ல ஃப்ரெஷ்ஷா. அந்த கேரளாக்காரன் கடையில பாரு, நாலு மணிக்குத்தான் லோடு வரும்பான்."

மாட்டேன் என்று சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. லோடு நாலே காலுக்கு வந்தது. கறிவேப்பிலைக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவள் கண்முன்னே ஒரு மெட்ரோ கதவை மூடிக்கொண்டு போயிற்று. அடுத்தது வந்தபோது இரண்டு நிலையங்களுக்கு நடுவே பத்து நிமிஷம் நின்றது. இறங்கி ஏறவேண்டிய பஸ்ஸும் போய்விட்டிருந்தது. இரண்டாம் வாசலுக்கு வந்து சேரும்போது தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள்.

நடைபாதை ஓரக் குழாயடியில் அகமது கபீர் ஒரு தோல்செருப்பைக் கவிழ்த்துப்போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"மூணாவது பிளாக் பெரியவர் மிதிச்சிட்டாரும்மா. கைத்தடி ஊன்றி நடக்குறவரு. துணி மாத்த வீட்டுக்கே திரும்பிப் போயிட்டாரு. எல்லாரோடயும் சேந்து தொழுற ஜமாஅத்து போச்சு அவருக்கு."

கறிவேப்பிலைக் கட்டு அவள் கையில் நசுங்கியது. குந்தி உட்கார்ந்து, மிதிபட்டு இழுபட்டுக் கிடந்ததை அள்ளினாள். கேரட் துண்டு தெரிந்தது. மூன்று முறை தண்ணீர் ஊற்றினாள். கற்களின் இடுக்குகளை டிஷ்யூவைச் சுருட்டி நோண்டினாள். கபீர் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொடுத்தார்.

"மேல கம்ப்ளெய்ன்ட் போயிருச்சு தங்கச்சி. நான் கொடுக்கல. அவரு மகன் கொடுத்துட்டாரு. நாளைக்குக் காலையில ஹாலிதா மேடம் கூப்பிடுவாங்க."

*

ஹாலிதா மேடம் கட்டட நிர்வாக அலுவலகத்தின் பொறுப்பாளர். திங்கள் காலை எட்டுமணிக்கே நீலா மேடத்துக்குப் போன் வந்துவிட்டது. பத்தரைக்கு, நாயைக் கூட்டிப்போகிறவரையும் அழைத்துக்கொண்டு, கீழே வரவேண்டும்.

மேடம் குளிக்கப் போயிருந்தபோது பத்மநாபன் சார் அடுக்களைக்கு வந்தார். சாதாரணமாக அவர் அங்கே வரமாட்டார். தண்ணீர்க் குவளையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"ரூபி."

"சார்."

"கீழ கேட்டாங்கன்னா... கவனிக்காம விட்டுட்டேன், சாரின்னு சொல்லிடும்மா. ஒரு தடவை மன்னிப்புக் கேட்டா அவங்க பெருசு பண்ணமாட்டாங்க. நான் போய் நின்னேன்னா அது வேற மாதிரி ஆயிடும். புரியுதில்ல?"

அவர் காது சிவந்திருந்தது. அவரைப் பார்க்கவே சிவரூபிக்குப் பாவமாக இருந்தது.

"சரிங்க சார்."

"உன் விசா பேப்பரையும் இந்த வாரம் பார்க்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு பேச்சும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வந்தன.

அலுவலகத்தில் ஏசி பலமாக ஓடியது. ஹாலிதா மேடம் எகிப்துக்காரி, கறுப்பு அபாயா, சிரிக்காத முகம், மேசைமேல் இரண்டு திரைகள். கபீர் கதவருகே நின்றார். நீலா மேடம் ஆங்கிலத்தில் ஏதோ தொடங்குமுன்பே சிவரூபி முன்னால் நகர்ந்தாள். வீட்டிலிருந்து லிப்டு வரைக்கும், லிப்டிலிருந்து அலுவலகம் வரைக்கும் மனசுக்குள் சொல்லிப்பார்த்ததை ஒரே மூச்சில் கொட்டினாள்.

"மேடம், மை மிஸ்டேக். நான்தான். ஐ ஃபர்கெட். சாரி மேடம். நெக்ஸ்ட் டைம் நோ."

ஹாலிதா மேடம் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நீலா மேடத்திடம், நேற்று மாலை ஐந்து நாற்பதுக்கு நடந்ததைப் பற்றித்தான் பேசுகிறோம் இல்லையா என்று கேட்டாள்.

"நேத்தா?" என்று நீலா மேடம் சிவரூபியின் பக்கம் திரும்பினாள். "நேத்து சாயங்காலம் நீ இங்க எங்க இருந்த? கறிவேப்பிலை வாங்கிட்டு வரச்சொல்லி நான்தானே உனக்குப் போன் பண்ணினேன்? கராமால இல்ல இருந்த?"

அதைச் சிவரூபி எப்படி மறந்தாள்? காலையிலிருந்து அதையே யோசித்தும், ஞாயிறு தன் லீவு நாள் என்பது மேடத்துக்கும் தெரியும் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. பழியை ஏற்றுக்கொள்வதிலேயே மனசு முழுக்கப் போயிருந்தது.

"பார்க்க வேணாம் மேடம்," என்றாள் ஹாலிதாவிடம் தமிழிலேயே. திரையை நோக்கிக் கையைக்கூட நீட்டினாள். "நோ சீ மேடம். ப்ளீஸ். மீ."

ஹாலிதா திரையைத் திருப்பினாள்.

நீல டீ-சர்ட், அரைக்கால்சட்டை, காதில் போன். பக்கோடா முதுகை வளைத்தது. பத்மநாபன் சார் வானத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்தார். மேலே கேமரா இருப்பதை மட்டும் பார்க்கவில்லை. நீலா மேடம் திரைக்குக் கிட்டே குனிந்தாள். திரையில் நேரம் ஓடியது. கைத்தடியோடு ஒரு முதியவர் வந்தார். அவர் நின்ற விதத்தைப் பார்க்க முடியாமல் சிவரூபி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது, கையில் ஒரு பச்சைக் கட்டோடு ஒரு பெண் ஓடிவந்து குந்தி உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

"தினம் காலையில எல்லா நாயோடதையும் இவதான் மேடம் அள்ளுறா," என்று கபீர் தனக்குத் தெரிந்த அரபியில் சொன்னார், யாரும் கேட்காமலேயே. "நாலு வீட்டு நாயோடது. நான் பாக்குறேன்."

ஹாலிதா மேடம் பேனாவால் மேசையைத் தட்டினாள். பிறகு, இந்த ஒரு தடவை நாயை விட்டுவைக்கிறேன் என்று ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். இனிமேல் நாயைக் கூட்டிப்போகிறவர்களின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதித் தரவேண்டும். எழுதியிருக்கிற ஆள்தான் கூட்டிப்போகலாம். அள்ளாவிட்டால் அந்த ஆளின் பெயரோடு லிப்டில் ஒட்டப்படும். அதற்குப்பிறகு பேச்சு கிடையாது, நாய் வெளியே. லிப்டில் இருக்கும் படத்தை இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னாள். கடைசியாக சிவரூபியைப் பார்த்து, "யூ, ஓகே?" என்று கேட்டாள். அவளுக்குத் தலையாட்டத்தான் முடிந்தது.

பதினோராவது மாடியில் லிப்டுக் கதவு திறந்தபோது நீலா மேடம், "எத்தனை நாளா?" என்றாள்.

சிவரூபி கதவு மூடாமல் கையை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

கடித்துத் தின்னமாட்டார்கள், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதை எப்படிச் சொல்வது?

*

அன்று மாலை பத்மநாபன் சார் வந்ததும் படுக்கையறைக் கதவு மூடிக்கொண்டது. உள்ளே நீலா மேடத்தின் குரல் உயரவில்லை. உயராத குரல்தான் அதிகப் பயம். சிவரூபி இரண்டுமுறை காபி போட்டு இரண்டுமுறையும் ஆறவிட்டாள். பக்கோடா அவள் காலடியில் படுத்துக்கொண்டு, தலையைத் தூக்கித் தூக்கிக் கதவைப் பார்த்தது.

வெளியே வந்தபோது சார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிவத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டார். அவளைப் பார்க்காமல், "உன் ஐடி கார்டைக் கொண்டா ரூபி," என்றார்.

கொண்டுவந்து வைத்தாள். அவர் அவள் பெயரை எழுதினார். எண்ணை எழுதினார். கீழே இன்னொரு வரி காலியாக இருந்தது. பேனாவை மூடப் போனார்.

"உன் பேரு மட்டும் இருக்கட்டும். அதான் சுலபம். ஞாயித்துக்கிழமை நீ காலையில ஒரு தடவை கூட்டிட்டுப் போயிட்டு, அப்புறமா கிளம்பு. சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டேன்னா..."

நீலா மேடம் சோபாவிலிருந்து திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று சிவரூபி ஒரு கணம் எதிர்பார்த்தாள். இரண்டு கணம் எதிர்பார்த்தாள். கண்முன்னே நாலு மணி மெட்ரோ வந்தது, மருந்துக்கடைக் கண்ணாடி வந்தது, ஓடி ஓடிச் செருப்பு அறுந்துபோன ஞாயிறு வந்தது. விசாவும் வந்தது.

"ஞாயித்துக்கிழமைக்கு..." என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமைக்கு உங்க பேரையும் எழுதிருங்க சார். நான் அன்னைக்கு இருக்க மாட்டேன்."

சொல்லி முடித்ததும், பேசாமல் ஊருக்கே போய்விடலாம் என்றிருந்தது அவளுக்கு.

சார் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒன்பது வருஷத்தில் அவர் இப்படி முகத்துக்கு நேராகப் பார்த்ததில்லை. நீலா மேடம் சோபாவிலேயே இருந்துகொண்டு, "எழுதுங்கோ," என்றாள்.

அவர் பர்ஸிலிருந்து தன் அட்டையை எடுத்தார். எண்களைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக எழுதினார்.

புதன்கிழமை அவளை மெடிக்கலுக்கு அனுப்பினார்கள். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். முடிவு குறுஞ்செய்தியில் வரும் என்று சொன்னார்கள். வியாழன் வரவில்லை, வெள்ளி வரவில்லை, சனி வரவில்லை.

ஞாயிறு ஐந்தே முக்காலுக்கு அவள் கராமாவில், பிரஷாந்தியின் கட்டிலில், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு எழுந்திருக்கப் பார்த்தவளைப் பிரஷாந்தி தோளைப் பிடித்து உட்காரவைத்திருந்தாள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன.

போன் அடித்தது. பத்மநாபன் சார். சிவரூபி எடுத்த அவசரத்தில் போன் ஒருமுறை கட்டிலில் விழுந்தது.

"சார்?"

"ரூபி, இந்தப் பை திறக்கவே மாட்டேங்குதே."

சிவரூபி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. எந்தப் பக்கம் திறக்கும்?"

"அம்புக்குறி போட்ட பக்கங்க சார். விரலால தேய்ங்க. கொஞ்சம் எச்சி தொட்டுக்கங்க."

"எச்சியா?"

பிரஷாந்தி தலையணையை எடுத்து வாயில் அமுக்கிக்கொண்டாள். போனில் பிளாஸ்டிக் சரசரத்தது. பக்கோடாவின் கழுத்து வளையம் கிணுகிணுத்தது. பிறகு சாரின் குரல் தாழ்ந்தது.

"ரூபி, எங்க ஆபீஸ் ஹஸ்னைன் எதிர்ல வர்றான். நான் அப்புறமா..."

"நீங்க அள்ளுங்க சார்," என்றாள் சிவரூபி. "தொழுகைக்கு ஆளுங்க வந்துருவாங்க."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு போனைக் காதோடு அழுத்தினாள். தூரத்தில் யாரோ இந்தியில் "நமஸ்தே சார்" என்றான். "ஆ... நமஸ்தே, நமஸ்தே," என்றார் சார், மூச்சை அடக்கிக்கொண்டு பேசுகிற குரலில். மறுபடி பிளாஸ்டிக் சரசரத்தது.

"அள்ளிட்டேன்," என்றார். "இதை எங்க போடறது?"

"மணல்திடல் தாண்டிப் போனா ஒரு தொட்டி இருக்குங்க சார்."

"அவ்ளோ தூரம் இதைக் கையிலயே தூக்கிட்டா போகணும்?"

"ஆமாங்க சார். கையிலதான்."

அவர் நடக்கத் தொடங்கிய சத்தம் கேட்டது. போனை வைக்க மறந்துவிட்டார். அவளும் வைக்கவில்லை. தொட்டியின் மூடி விழுகிற ஓசைக்காகக் காதைக் கொடுத்தபடி, பிரஷாந்தி நீட்டிய தட்டைக் கையால் விலக்கி, இரு என்று சைகை காட்டினாள்.